நிலாவுக்குப் போன திருநீறு

நிலாவில் இறங்க வேண்டிய விண்கலம் விழுந்து நொறுங்கிவிட்டது என்று தெரிந்தபோது, உலகத்தில் எத்தனையோ பேர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அசாம் ஜாவா என்கிற சின்ன ஊரில் ஒரே ஒரு மனிதர் மட்டும் ‘அப்பாடா’ என்று மூச்சு விட்டார். அவர் பெயர் கணேஸ்வரன். தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போகிற லோரிக்காரர். கெட்ட மனிதர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர்கள் என்று யாருமே இல்லை, அதுதான் இதில் இருக்கிற பெரிய தொல்லை.

மூச்சு விட்ட கையோடு அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். லோகேஸ்வரி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருந்தாள். கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து விரல்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் சற்றுமுன் விட்ட மூச்சுக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது கணேஸ்வரனுக்கு.

அந்த விண்கலத்துக்குள் அவர்களுடைய மகள் துளசியின் சாம்பல் ஒரு சிட்டிகை இருந்தது. அப்படித்தான் லோகேஸ்வரி நம்பினாள். மகன் பவனேஷ் நம்பினான். அந்தத் தாமான் குடியிருப்பில் இருந்த எல்லாருமே நம்பினார்கள். இல்லை என்று தெரிந்தவர் கணேஸ்வரன் ஒருவர்தான்.

துளசிக்கு ரவாங் பட்டணத்தில் வேலை. மின்னணுப் பலகைகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த பலகைகளைச் சோதித்துப் பார்ப்பவள். சம்பளம் வாங்குவது ரவாங்கில், குடியிருப்பது வானத்தில் என்று அவளுடைய அம்மா கிண்டல் செய்வாள். எந்த நாட்டுக்காரன் நிலாவுக்கு எதை அனுப்பினாலும் துளசி லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்பாள். இறங்கினால் கை தட்டுவாள். விழுந்தால், சொந்தக்காரப் பிள்ளை பரீட்சையில் தோற்றுவிட்டதுபோல அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்காது. “பாவம்ப்பா, எத்தன வருசமா உக்காந்து செஞ்சிருப்பாங்க” என்பாள். கணேஸ்வரனுக்கு அது புரியவில்லை. கண்காணாத ஒரு பெட்டி உடைந்ததற்கு இந்தப் பெண் ஏன் சோறு தின்னாமல் இருக்கிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

இருபத்தாறு வயதில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அதைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு மனம் இல்லை. பெற்றவர்கள் கண்ணெதிரே ஒரு பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது, அவ்வளவுதான். படுக்கையில் இருந்தபடியே அவள் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியைத் தேடிப் பிடித்திருந்தாள். இறந்தவர்களுடைய சாம்பலில் ஒரு சிட்டிகையைச் சின்ன உலோகக் குப்பியில் அடைத்து, நிலாவுக்குப் போகும் கலத்தில் வைத்து அனுப்புகிற கம்பெனி. தன் பெயரைத் தானே பதிந்து, குப்பியையும் வரவழைத்து அலமாரியில் வைத்துவிட்டாள். விரல்நுனி அளவுதான் இருந்தது அந்தக் குப்பி.

“ப்பா, என்னை அனுப்பி வைப்பீங்களா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“சரிம்மா” என்றார் கணேஸ்வரன். சாகப்போகிற பிள்ளை கேட்கும்போது வேறு என்ன சொல்வது? நிலாவைப் பிடித்துத் தா என்று கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். அவள் கேட்டதும் ஏறக்குறைய அதுதான்.

அவள் போன பிறகுதான் அந்தச் ‘சரிம்மா’ அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. கோயிலில் சாவுக் காரியங்களை முன்நின்று நடத்துகிற அப்பளசாமிக்கு விஷயம் காதில் விழுந்ததும், துக்க வீட்டுப் பந்தலிலேயே கணேஸ்வரனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். “சாம்பலப் பிரிக்காத கணேசு. முழுசா தண்ணியில கரைச்சாத்தான் கணக்கு தீரும். அங்க ஒரு பிடி இங்க ஒரு பிடின்னு வச்சா அந்தப் புள்ள எந்தப் பக்கம் போவும் சொல்லு. ரெண்டுங்கெட்டானா அலையும் லா.”

அப்பளசாமி சொன்னதை மட்டும் கேட்டு மகளுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் இல்லை கணேஸ்வரன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மகனிடம் போய், “இந்த மாதிரி நெலாவுக்குப் போறதுல எத்தனை ஒழுங்கா எறங்குது, எத்தனை விழுது?” என்று கேட்டார்.

பவனேஷ் அழுது அழுது முகம் வீங்கிப்போய் இருந்தான். “பாதிக்குப் பாதின்னு வச்சுக்குங்க ப்பா. அங்க காத்து கெடையாது, பாராசூட்லாம் வேலைக்கு ஆவாது. இஞ்சினாலயே பிரேக் போட்டு எறங்கணும். ஒரே சான்ஸ்தான். மிஸ் ஆச்சுன்னா முடிஞ்சுது” என்றான்.

கணேஸ்வரன் முப்பது வருஷமாக லோரி ஓட்டுகிறார். தினமும் விடிந்ததும் முதல் வேலையாகச் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார், பிரேக்கை மிதித்துப் பார்ப்பார், மழையில் ஊறிய செம்மண் பாதையில் முதல் கியருக்கு மேலே போகமாட்டார். இரண்டு நடைக்கு ஒரு நடை குடைசாய்கிற லோரியில் எந்த மடையனாவது குலை ஏற்றுவானா? குலையே ஏற்றமாட்டான் என்றால் பெற்ற மகளை எப்படி ஏற்றுவது? அன்று இரவெல்லாம் இதே நினைப்புதான் அவருக்கு.

மறுநாள் மின்சுடலையில் சாம்பலை வாங்கி, மண்பானையில் போட்டு, சிவப்புத் துணியால் வாய் கட்டி, கடலில் கரைக்கக் காரில் கோலா சிலாங்கூருக்குக் கொண்டு போனார்கள். படகுக்காரனைப் பார்த்துப் பேசிவிட்டு வர பவனேஷ் படகுத்துறைக்குப் போனான். போகும்போது குப்பியை அப்பாவின் கையில் கொடுத்து, “ப்பா, கரைக்கிறதுக்கு முன்னாடி இதுல கொஞ்சம் எடுத்து வச்சிருங்க. என்னால முடியாது” என்றான்.

கணேஸ்வரன் மடியில் பானையோடு காரில் தனியாக இருந்தார். துணியை அவிழ்த்தார். சாம்பலுக்கு நடுவே சின்னச் சின்னதாக வெள்ளை எலும்புகள் தெரிந்தன. உள்ளே கையை விட்டார். ஒரு பிடி அள்ளவும் அள்ளினார். பாதிக்குப் பாதி என்று மகன் சொன்னது நினைவுக்கு வந்தது. எங்கேயோ ஒரு பாறையில் மோதிச் சிதறி, கரைக்கத் தண்ணீரும் இல்லாமல், பொறுக்க ஒரு ஆளும் இல்லாமல் இது கிடக்குமே என்று நினைத்தார். அள்ளியதைப் பானையிலேயே திரும்பப் போட்டுவிட்டார்.

லோரிக்காரர்களின் வண்டியில் திருநீறு இல்லாமல் இருக்காது. சொந்தக் காரிலும் ஒரு பொட்டலம் வைத்திருந்தார், மாரியம்மன் கோயிலில் வாங்கியது. அதைப் பிரித்துக் குப்பியில் நிரப்பி, மூடியைத் திருகி, பசை தடவி ஒட்டினார். திரும்பி வந்த மகனிடம் கொடுத்தபோது அவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். துளசி முழுசாகக் கடலுக்குப் போனாள். ஆற்று முகத்துவாரம் தாண்டி, தண்ணீர் நிறம் மாறுகிற இடத்தில், ஒரு துளி மிச்சமில்லாமல் அவளைக் கரைத்துவிட்டு வந்தார் கணேஸ்வரன். பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டாயிற்று என்ற நினைப்பில் அன்று கொஞ்சம் தூங்கக்கூட முடிந்தது அவருக்கு.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தார். காரியம் முடியட்டும் என்று தள்ளினார். காரியம் முடிந்தது. லோகாவுக்கு உடம்பு தேறட்டும் என்று தள்ளினார். அவளுக்கு உடம்பு தேறியது, ஆனால் எதனால் தேறியது என்பதுதான் வம்பாகப் போயிற்று. குப்பி வந்து சேர்ந்தது என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்த அன்றுதான் அவள் எழுந்து தலைவாரிக்கொண்டாள். ராக்கெட் கிளம்பிய பிறகு, பள்ளிக்கூடக் கேண்டீனில் பார்த்துக்கொண்டிருந்த வேலைக்குத் திரும்பப் போனாள். “இப்ப பூமியச் சுத்திக்கிட்டு இருக்கா. அடுத்த வாரம் நெலாப் பக்கம் திரும்புவாளாம், தம்பி சொன்னான்” என்று சோறு போட்டுக்கொண்டே சொல்வாள். கணேஸ்வரன் தட்டை விட்டுத் தலை நிமிராமல் சாப்பிடுவார். கோயிலுக்குப் போனால், அந்தக் கலம் நல்லபடியாக இறங்க வேண்டும் என்று அவரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. திருநீறு இறங்கிவிட்டால் யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

இறங்குகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. காலையிலேயே வீடு நிறைந்துவிட்டது. அப்பளசாமி வந்தார். பக்கத்து வீட்டு நல்லம்மாள் ஒரு தூக்கு நிறையக் கோப்பி கலந்து கொண்டுவந்தாள். பவனேஷ் தன் கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, வருகிற எண்களை எல்லாருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான். உயரம் குறைந்துகொண்டே வந்தது. லோகேஸ்வரியின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பிறகு எண்கள் நின்றுவிட்டன. படம் நகரவில்லை, பேச்சும் வரவில்லை. அங்கே கட்டுப்பாட்டு அறையில் வரிசையாக உட்கார்ந்திருந்த இளைஞர்களைக் காட்டினார்கள். ஒருத்தி மேசையில் தலை சாய்த்தாள், ஒருவன் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். யார் பெற்ற பிள்ளைகளோ, ஆண்டுக்கணக்காக உழைத்ததெல்லாம் ஒரு மூச்சில் போயிற்று. துளசி ஏன் சோறு தின்னாமல் இருந்தாள் என்பது கணேஸ்வரனுக்கு அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. அவர் ‘அப்பாடா’ என்று மூச்சு விட்டதும் அதே நேரத்தில்தான். மனித மனசு ஒன்றும் ஒற்றைத் தடம் போட்ட பாதை இல்லையே.

கலம் தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டதாகத் தப்பாக நினைத்துக்கொண்டு, உயரத்திலேயே நின்று எரிபொருளைத் தீர்த்துவிட்டு, அங்கிருந்து விழுந்திருக்க வேண்டும் என்று பவனேஷ் படித்துச் சொன்னான். எத்தனை கோடி போயிற்று என்றும் சொன்னான். “அத்தன டுயிட்ட, அத்தன காச வச்சு ஊருக்கு ஒரு தமிழ்ப்பள்ளி கட்டிருக்கலாம் லா” என்று அப்பளசாமி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்று சாயங்காலத்திலிருந்தே வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டது, இன்னொரு சாவு விழுந்த மாதிரி. வந்தவர்கள் சும்மா வரவில்லை. பிள்ளை ரெண்டாவது தடவையும் செத்துப்போனாளே என்று நல்லம்மாள் மூக்கைச் சிந்தினாள். பெற்றவளே பிள்ளையைத் தூக்கி வானத்தில் வீசினால் இப்படித்தான் ஆகும் என்று யாரோ சமையலறையில் பேசியது கூடம் வரைக்கும் கேட்டது. “நான் அப்பவே சொன்னேன். பொம்பளப் பேச்சக் கேட்டு விட்டுட்டான் கணேசு. இனிமே எந்தத் தண்ணியில கரைச்சு எந்தக் கணக்கத் தீக்கிறது?” என்றார் அப்பளசாமி. லோகேஸ்வரி எதிரே உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். கணேஸ்வரன் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அத்தனை பேருடைய வாயும் அடைபடும். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்து வந்து திரும்பியது. தான் செய்த காரியத்துக்கு, செய்யாதவள் தலையில் பழி போடுகிறார்கள் என்று தெரிந்தும் நின்றுகொண்டிருந்தார். அந்த இடத்தில் அவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது, மறைப்பானேன்.

அடுத்து வந்த நாட்களில் லோகேஸ்வரி கேண்டீன் வேலைக்குப் போகவில்லை. அதிகம் பேசவும் இல்லை. சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். வளர்பிறைக் காலம். தாமானுக்கு அப்பால் செம்பனை மரங்களுக்கு மேலே, வெளிச்சம் மங்குவதற்கு முன்பே நிலா வெளிறித் தெரியும். அதைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பாள், கண்ணைத் துடைப்பாள், மறுபடி முணுமுணுப்பாள். கணேஸ்வரன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். விழுந்துகிடக்கிற பிள்ளையை நினைத்து இவள் ஒப்பாரி வைக்கிறாள், இப்படியே விட்டால் இவளும் மிஞ்சமாட்டாள் என்று அவருக்குப் பயம் பிடித்தது. இல்லாத ஒரு துக்கத்துக்கு இவள் அழுகிறாளே, ஒரு வார்த்தையில் இதைத் துடைத்து எறிந்துவிடலாமே என்று தோன்றியது. அதைச் சொன்னால் மகளுக்குக் கொடுத்த வாக்கை மீறினோம் என்பது வெளியே வரும், இவள் தன் முகத்திலேயே விழிக்காமல் போகலாம். போகட்டும், உயிரோடு இருந்தால் போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆலையிலிருந்து திரும்பியவர், கால்கூடக் கழுவாமல் நேரே கொல்லைப்பக்கம் போனார்.

“லோகா, அழாத. ஒண்ணு சொல்லணும். திட்டுறதுன்னா திட்டு.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அவ அதுல இல்ல. நான் அவளப் போடல. அந்தக் குப்பியில இருந்தது மாரியம்மன் கோயில் திருநீறு. துளசிய முழுசா கடல்லதான் கரைச்சேன், ஒரு துளி விடாம. அவ விழல, லோகா. ஒடையல. பத்திரமா இருக்கா. யாரு என்ன சொன்னாலும் நீ காதுல வாங்காத, எல்லாத்தையும் நானே எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்.”

சொல்லி முடித்ததும் பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது அவருக்கு. இப்போது இவள் கத்துவாள், அடிப்பாள், பிறகு உட்கார்ந்து அழுது ஓய்வாள், ராத்திரிக்குக் கொஞ்சம் கஞ்சியாவது குடிப்பாள் என்று எதிர்பார்த்தார். லோகேஸ்வரி கத்தவில்லை. கொடியில் கிடந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்சங்கூடப் போடலையா?” என்று கேட்டாள்.

“போடல.”

“ஒட்டிக்கிட்டு இருந்ததுகூட?”

“கையத் தொடச்சிட்டுத்தான் திருநீற எடுத்தேன்.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

“ஆஸ்பத்திரியில நான் அவகிட்ட கேட்டேங்க. ஏன்டி, பாதி விழுந்துருதாமே, நீ போறது விழுந்துட்டா என்னடி பண்ணுறதுன்னு. சிரிச்சா. அந்த மொகத்துல சிரிக்கவும் தெம்பில்ல, ஆனா சிரிச்சா. ‘எறங்கணும்கிறது அவங்க கவலம்மா. விழுந்தாலும் நான் அங்கதான விழுவேன், வேற எங்க போயிடுவேன். ஒடஞ்சு கெடந்தாலும் நெலாதானம்மா’ன்னா.”

கணேஸ்வரன் துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கு டிவியில பாத்துட்டு எல்லாரும் அழுதாங்க. நானும் அழுதேன். போய்ச் சேந்துட்டாளேன்னு அழுதேன். கம்பெனிக்காரன் தோத்துட்டான், எம்புள்ள தோக்கல. அப்பளசாமி அண்ணன் என்ன பேசுனாரு, நல்லம்மா என்ன பேசுனா, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பேசுங்கடி, உங்களுக்கு என்ன தெரியும், எம்புள்ள கேட்ட எடத்துல இருக்கான்னு உள்ளுக்குள்ள நெனச்சுக்கிட்டேன். அந்த நெனப்புலதாங்க உக்காந்திருந்தேன்.”

“எனக்குத் தெரியாது லோகா. எங்கிட்ட அவ சொல்லல.”

“உங்ககிட்ட அனுப்பி வைங்கன்னுதான் கேட்டா. வேற எதுவும் கேக்கலையே.”

அதில் கோபம் இருந்திருந்தால் கணேஸ்வரன் தாங்கியிருப்பார். விழுந்துவிடுவாளோ என்று பயந்து பயந்து அவர் பொத்திப் பொத்திக் காப்பாற்றியது மகளை அல்ல, தன் பயத்தைத்தான் என்று அவருக்கே விளங்கிவிட்டது. அனுப்பியிருந்தால், இத்தனை கோடி நஷ்டத்தோடு கூட, இத்தனை பேர் அழுகையோடு கூட, அவள் இந்நேரம் அங்கே இருந்திருப்பாள். தப்பாக இறங்கிய கலம்கூட அவளைச் சரியான இடத்தில்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். சேர்த்தது ஒரு சிட்டிகை திருநீற்றை. இனிமேல் அனுப்ப வேண்டும் என்றாலும் அனுப்ப ஒரு துளி கிடையாது, கடலில் தேடி எடுக்கவா முடியும்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். இங்கே களிமண்ணும் கையில் மிஞ்சவில்லை.

“சொல்லாம இருந்திருக்கலாமேங்க” என்றாள் லோகேஸ்வரி.

பக்கத்து வீட்டில் நல்லம்மாள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

லோகேஸ்வரி நிலா இருந்த பக்கம் கையை நீட்டினாள். நீட்டினாளே தவிர, அந்தப் பக்கம் பார்க்கவில்லை, புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள்.

“அப்ப இத்தன நாளா இங்க நின்னு நான் யார்கிட்டங்க பேசிக்கிட்டு இருந்தேன்?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.